கல்லடிச் செவ்வரத்தை நுவரெலியாவில்: குளிருக்குப் போன ஐந்து பூக்கன்றுகள்

மட்டக்களப்புக் கரையோரத்துக் கல்லடியில் இருந்து மலைநாட்டு நுவரெலியாவுக்கு ஏற்றிப்போன ஐந்து வகைப் பூக்கன்றுகளுக்கு அங்கே என்ன நடந்தது, ஏன் அப்படி நடந்தது, எதை மாற்றியதும் எது எழும்பியது என்பதுதான் இந்த ஆய்வு. செவ்வரத்தை (செம்பருத்தி), அடுக்கு மல்லிகை, எக்சோரா (வெட்சி), தேமா (பிளுமேரியா), போகன்விலா என்பன அந்த ஐந்தும். கன்றுகள் என் தங்கச்சியின் மாமியுடையவை. தங்கச்சி ஆசிரியை. இடமாற்றம் கிடைத்து நுவரெலியாவுக்குப் போனபோது குடும்பமாகவே போனார்கள். விடியப்புறம் சாமித்தட்டில் பூ வைக்காமல் மாமிக்குத் தேத்தண்ணி இறங்காது. அதுவும் தன் கையால் ஆய்ந்த பூவாக இருக்க வேண்டும். அதனால் வீட்டுச் சாமான்களோடு பூச்சாடிகளும் லொறியில் ஏறின.

நான் கல்லடியில் வீட்டோடு சேர்ந்தாற்போல ஒரு சிறு பூக்கன்று நேசறி வைத்திருக்கிறேன். மலைநாட்டுக்கு வேலையாகப் போகிறவர்களும், லண்டனிலும் டொரொன்டோவிலும் இருக்கிற சொந்தக்காரரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "எங்கட ஊர்ப் பூமரம் குளிருக்க வருமா?" வரும், வராது என்று ஒரே சொல்லில் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரு கன்று உயிரோடு நிற்கத் தேவையான சூடு ஒன்று, அது மொட்டு வைக்கத் தேவையான சூடு இன்னொன்று. இரண்டுக்கும் இடையில் பல பாகை வித்தியாசம் இருக்கிறது. அதோடு, குளிர் தோட்டத்தில் செத்துப்போகும் கன்றுகளில் பெரும்பாலானவற்றைக் கொல்வது ஈரத்தில் ஊறிக் கிடக்கும் வேர். குளிர் அதற்குத் துணை நிற்கிறது. மாமியின் சாடிகளில் இந்த இரண்டு விடயங்களையும் தெளிவாகப் பார்க்க முடிந்தது.

இரண்டு ஊர், ஒரே வீதி

மட்டக்களப்புக் கரையோரம் கடல் மட்டத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 28 பாகை செல்சியஸ். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே சராசரி 16 பாகை அளவில். உயரம் 1000 மீற்றர் கூட வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை குறையும் என்று பள்ளிக்கூடத்தில் படித்த கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 12 பாகை கழிகிறது, விடை அந்த 16இல் வந்து நிற்கிறது. செங்கலடியில் முடியும் ஏ5 வீதிதான் மகா ஓயா, பிபிலை, பதுளை, வெலிமடை எல்லாவற்றையும் கடந்து நுவரெலியாவைத் தொடுகிறது. அந்த ஒரே வீதியில், ஒரு பகல் பயணத்தில், ஒரு கன்று 12 பாகை கீழிறங்கிவிடுகிறது.

சராசரியை வைத்து மட்டும் எதையும் முடிவுசெய்ய ஏலாது. இரவைப் பார்க்க வேண்டும். கல்லடியில் தை மாத இரவில்கூட வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே போவது அரிது. நுவரெலியாவில் தை, மாசியில் மேகமில்லாத, காற்றில்லாத இரவுகளில் நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று பாரம் கூடியது என்பதால் பள்ளத்தை நோக்கி வடிந்து அங்கே தேங்கும். விடியப்புறம் புல்லில் வெண்மையாக உறைபனி கிடக்கும். பள்ளத்தில் நிற்கும் தேயிலைக் கொழுந்து கருகுவதும் அப்படித்தான். மேட்டில் இருக்கும் வீட்டுக்கும் பள்ளத்தில் இருக்கும் வீட்டுக்கும் ஒரே இரவில் இரண்டு மூன்று பாகை வித்தியாசம் இருக்கலாம். தங்கச்சியின் குவாட்டர்ஸ் சரிவின் நடுவில் இருக்கிறது. அது அவர்களுடைய அதிர்ஷ்டம்.

மழைக்காலமும் இடம் மாறி வருகிறது. எங்களுக்கு ஐப்பசியில் இருந்து தை வரை வாடைக் காற்றோடு மழை. வைகாசியில் இருந்து ஆவணி வரை கச்சான் காற்று மண்ணை வறட்டி எடுக்கும். அந்தக் கச்சான் காலத்தில்தான் நுவரெலியாவில் தென்மேற்குப் பருவமழை, மூடுபனி, வேகக் காற்று எல்லாம். "ஆனி ஆடியில காலையும் பின்னேரமும் தண்ணி ஊத்தோணும்" என்று மாமிக்குக் கையிலேயே ஊறிப்போன பழக்கம் அங்கே தலைகீழாகிவிடுகிறது.

வெளிச்சத்தில் மட்டும் பெரிய குறை இல்லை. நுவரெலியாவும் மட்டக்களப்பும் ஏறத்தாழ 7, 8 பாகை வட அகலக்கோட்டில்தான் இருக்கின்றன. மார்கழியின் மிகக் குறுகிய பகலும் 11 மணி 40 நிமிடத்துக்குக் குறையாது. லண்டனில் அதே நாளில் பகல் 8 மணித்தியாலத்துக்கும் குறைவு. லண்டனில் இருப்பவர் சூட்டையும் கொடுக்க வேண்டும், வெளிச்சத்தையும் கொடுக்க வேண்டும். நுவரெலியாவில் இருப்பவருக்குச் சூடு ஒன்றுதான் பிரச்சினை. இதனால் நுவரெலியாவில் கிடைத்த விடையை லண்டனுக்கு அப்படியே அனுப்ப முடியாது. வேரைப் பற்றிய பகுதி மட்டும் எங்கேயும் பொருந்தும்.

தை மாதத்தில் நடந்தது

தங்கச்சியின் இடமாற்றம் தை முதலாம் திகதியோடு நடைமுறைக்கு வந்தது. பூக்கன்றுக்கு இதைவிட மோசமான நாளைத் தேடிப் பிடிக்க முடியாது. கல்லடியில் மாரி மழையில் சாடி மண் முழுதாக நனைந்திருக்கும். அந்த ஈரத்தோடு லொறியில் ஏற்றி, அடுத்த நாள் காலையில் ஆண்டின் மிகக் குளிர்ந்த மாதத்துக்குள் இறக்கிவிடுகிறோம்.

சாடிகளை முன்படிக்கட்டுக்குப் பக்கத்தில், சீமெந்துத் தரையில் வரிசையாக வைத்தார்கள். பார்க்க அழகு. ஆனால் அது வடக்குப் பார்த்த பக்கம். தை மாதத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் வீட்டின் நிழல் நாள் முழுக்க அந்த வரிசையின் மேல்தான். சாடிகள் எல்லாம் பிளாஸ்ரிக். உள்ளே தும்புச்சோறு (தென்னந்தும்புத் தூள்) கூடிய கலவை. எங்கள் பக்கத்தில் எல்லாரும் போடும் கலவை அதுதான், ஏனென்றால் கச்சானுக்கு ஈரத்தைப் பிடித்து வைக்கும். மாமி விடியப்புறம் குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பை ஊற்றினார்.

முதலில் செவ்வரத்தையின் அடியிலைகள் மஞ்சளாகின. பிறகு மொட்டு உதிர்ந்தது. தங்கச்சி அனுப்பிய படத்தில் அதைக் கிட்டப் பார்த்தேன். மொட்டு பச்சையாக, முழுதாக, புழு பூச்சி எதுவும் துளைக்காமல் இருந்தது. மொட்டுக் காம்பில் ஒரு கணு உண்டு. அந்தக் கணுவில் மட்டும் மோதிர அளவில் ஒரு மஞ்சள் வளையம். அதில்தான் கழன்று விழுந்திருந்தது. மொட்டு உள்ளே அழுகி விழுந்தால் அது பூச்சியின் வேலையாக இருக்கலாம். முழு மொட்டு கணுவில் சுத்தமாகக் கழன்றால், இதைத் தன்னால் காப்பாற்ற முடியாது என்று செடியே கைவிட்டிருக்கிறது.

எக்சோராவின் குருத்து நின்ற இடத்திலேயே நின்றது. முதிர்ந்த இலைகளின் நுனியில் ஊதாவும் கபிலமும் கலந்த திட்டுக்கள் வந்தன. மல்லிகை இலை உதிர்க்கவும் இல்லை, துளிர்க்கவும் இல்லை. தேமா இலையை எல்லாம் கொட்டிவிட்டு மொட்டையாக நின்றது. போகன்விலாவும் பாதி இலையை உதிர்த்தது.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பக்கத்து வீட்டுக்காரர் உறைபனி என்றார். தங்கச்சி பூச்சி என்று நினைத்து மருந்து கேட்டாள். மாமி, "குளிருக்க பசிச்சுப்போய்க் கிடக்குது புள்ள, எரு போட்டாச் சூடு பிடிக்கும்" என்று ஆட்டெருவை அள்ளிப் போட்டார். நண்பகலில் காற்றுச் சூடேறிய நேரம் செவ்வரத்தை இலைகள் வாடித் தொங்கின. அதைக் கண்டு பின்னேரமும் ஒரு கோப்பை தண்ணீர் கூடியது.

வேரில் இருந்த விடை

நான் தங்கச்சியிடம் கேட்டது ஒன்றுதான்: "செவ்வரத்தையைச் சாடியோட கவிழ்த்து, வேரைக் காட்டு." வாட்சப்பில் வீடியோ எடுத்துக் காட்டினாள். மண் கட்டி ஈரத்தோடு முழுதாகக் கழன்று வந்தது. மேலே விரல் வைத்தால் காய்ந்ததாகத் தெரிந்த மண், அடிப்பாதியில் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. கான் நாற்றம் அடிக்குது என்றாள். ஒரு வேரை இரண்டு விரலால் பிடித்து இழுக்கச் சொன்னேன். வேரின் தோல் உறையாகக் கழன்று அவள் விரலோடு வந்துவிட்டது. மெல்லிய நூல் ஒன்று மட்டும் மண்ணில் மிஞ்சி நின்றது. நல்ல வேர் வெள்ளையாக, அல்லது வெளிர் மஞ்சளாக, இழுத்தால் டக்கென்று முறியும். தோல் கழன்று நூல் மிஞ்சினால் அது வேரழுகல். ஈர மண்ணில் வாழும் பித்தியம், பைட்டொப்தொரா முதலிய, பூஞ்சணம் போன்ற நோய்க்கிருமிகளின் வேலை.

நடந்தது இதுதான். வெப்பமண்டலச் செடிகளின் கலமென்சவ்வில் இருக்கும் கொழுப்பு 10, 12 பாகைக்குக் கீழே இறுகத் தொடங்கும். வேரின் கலங்கள் தண்ணீரை உள்ளே எடுக்கும் வேகம் குறைந்துவிடும். நண்பகல் சூட்டில் இலை ஆவியுயிர்ப்பைத் தொடங்கும்போது கீழே வேர் இன்னும் குளிரில் விறைத்துக் கிடக்கிறது. மண் நிறையத் தண்ணீர் இருந்தும் இலை வாடுகிறது. வாடின இலையைக் கண்டவர் தண்ணீர் ஊற்றுகிறார். மண்ணில் காற்றுக்கு இடமில்லாமல் போகிறது, வேர் மூச்சு முட்டி அழுகுகிறது, அழுகிய வேரால் இன்னும் குறைவாகத்தான் தண்ணீர் எடுக்க முடியும். இலை இன்னும் வாடுகிறது. அன்பான கைதான் இந்தச் சுற்றை வேகமாகச் சுழற்றுகிறது. வெளிநாட்டில் குளிர்காலத்தில் வீட்டுக்குள் வைத்த செவ்வரத்தை செத்ததென்று எனக்கு வரும் கதைகளில் பெரும்பாலானவை இதே கதைதான்.

ஆட்டெருவும் கேட்டைத்தான் கூட்டியது. வளராமல் நிற்கும் செடியால் உரத்தை எடுக்க முடியாது. எடுக்காத உப்பு மண்ணில் தங்கி மிச்ச வேரையும் சுடும்.

கல்லடியில் அதே மாமி அதே கையால் அதே அளவு தண்ணீர் ஊற்றினார், செடி செழித்தது. எங்கள் வெயிலிலும் காற்றிலும் சாடி ஈரம் சீக்கிரம் காய்ந்துவிடும். 28 பாகைச் சூட்டில் வேர் குடித்துக்கொண்டே இருக்கும். மாமியின் கையில் குறை இல்லை. ஊர்தான் மாறியது.

மாற்றியவை

முதல் வேலை தண்ணீரை நிறுத்துவது. முழுதாக நிறுத்தச் சொன்னேன். மாமிக்கு அது பெரிய மனக்கஷ்டம். "வாயில்லாச் சீவன் மனே, தண்ணி குடுக்காம எப்பிடி இருக்கிற?" என்று என்னிடம் போனில் கேட்டார். சாடியைக் கையில் தூக்கிப் பார்த்து, பாரம் பாதியாகக் குறைந்த பிறகு ஊற்றுங்கள் மாமி என்று சொல்லிச் சமாதானப்படுத்தினேன். ஊற்றும் நேரத்தையும் மாற்றினோம். விடியப்புறக் குழாய்த் தண்ணீர் மலைக் குளிரோடு வருகிறது. அதை வாளியில் பிடித்து வெயிலில் வைத்துவிட்டு, பத்து பதினொரு மணிக்கு ஊற்ற வேண்டும். அப்போதுதான் இரவுக்கு முன் மேல்மண் கொஞ்சமாவது உலரும்.

அடுத்தது சாடியும் மண்ணும். அழுகிய வேரை வெட்டி எறிந்து, மிச்சத்தை மண்சாடியில் வைத்தார்கள். மண்சாடியின் பக்கச் சுவர் வழியாகவும் ஈரம் வெளியேறும். கலவையில் தும்புச்சோற்றைக் குறைத்து, பரும்படியான ஆற்று மணலும் உடைத்த ஓட்டுத்துண்டும் மக்கிய இலை மண்ணும் கூட்டினார்கள். அழுகிய செடிக்குப் பெரிய சாடி கொடுக்கக்கூடாது. வேர் நிரப்பாத மண் எல்லாம் தண்ணீரைத் தேக்கி வைக்கும். மிஞ்சிய வேர் மட்டுமட்டாகக் கொள்ளும் அளவுக்குச் சின்னச் சாடி போதும். கீழே இரண்டு செங்கல்லை வைத்துச் சாடியைச் சீமெந்துத் தரையில் இருந்து தூக்கினார்கள்.

மூன்றாவது இடம். வீட்டின் தெற்குச் சுவர் நாள் முழுக்கத் தை மாத வெயிலை வாங்கி இரவில் மெல்ல வெளியே விடுகிறது. மேலே தாழ்வாரம் இருப்பதால் திறந்த வானத்துக்குச் சூடு போவதும் குறைவு. தங்கச்சி சாதாரண வெப்பமானி ஒன்றை வாங்கி முன்படிக்கட்டிலும் தெற்குச் சுவரோரமும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். சுவரோரம் விடியப்புறத்தில் எப்போதும் கொஞ்சம் சூடு கூடத்தான் இருந்தது. வானம் தெளிந்த இரவுகளில் ஒரு சாக்கை இலையில் முட்டாமல் தடியில் போர்த்தி, காலையில் எடுத்துவிட வேண்டும். பொலித்தீன் இலையில் ஒட்டினால் ஒட்டிய இடத்தில் குளிர் நேரே இறங்கிவிடும், அதனால் சாக்கே நல்லது.

ஆனால் ஆனியில் இந்த இடம் சரிவராது. அப்போது சூரியன் வடக்கே போய்விடும். தென்மேற்குக் காற்றும் அந்தச் சுவரில்தான் வந்து மோதும். அந்த மாதங்களில் சாடிகளைக் கிழக்குப் பக்கம் மாற்றுகிறார்கள். நிலத்தில் நடாமல் சாடியிலேயே வைத்திருப்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

ஒவ்வொன்றாக

செவ்வரத்தைதான் இந்த ஆய்வில் எனக்கு மிகவும் நிறைவு தந்தது. கல்லடியில் இருந்து போனவை இரண்டு: ஒன்று வேலியோரத்தில் நிற்கும் பழைய ஐந்திதழ்ச் சிவப்பு, மற்றது பெரிய மஞ்சள் பூப் பூக்கும் கலப்பினம். கலப்பினம் வேரோடு போய்விட்டது. பழைய சிவப்பு, பாதி வேர் அழுகியும், மாசிக் கடைசியில் அடித்தண்டில் சின்னச் சிவப்புக் குருத்து ஒன்றைக் காட்டியது. அந்தக் குருத்துக்கு மேலே அப்போதுதான் வெட்டச் சொன்னேன். செவ்வரத்தை புதுக் கிளையில்தான் பூக்கும். பங்குனி, சித்திரை மலைநாட்டின் நல்ல வெயில் மாதங்கள். மாசி கடைசியில் வெட்டினால் புதுக் கிளை அந்தச் சூட்டைச் சந்திக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வெட்டினால் இளம் குருத்து நேரே குளிருக்குள் போய் மாட்டும்.

சித்திரை வருடப் பிறப்புக்குப் பிறகு பூத்தது. தங்கச்சி அனுப்பிய படத்தில் சிவப்பு, கல்லடியில் நாங்கள் பார்க்கும் சிவப்பைவிட ஆழமாக இருந்தது. எங்களுக்குக் காலையில் விரிந்து மாலையில் சுருங்கும் பூ, அங்கே அடுத்த நாளும் விரிந்தே நின்றது. குளிரில் பூவின் சுவாசம் மெதுவாகிறது, அதனால் ஆயுள் கூடுகிறது. எண்ணிக்கை குறைவுதான். கல்லடியில் ஒரு மரத்தில் கைநிறைய ஆயலாம், அங்கே ஒன்றிரண்டு. சாமித்தட்டுக்கு அது போதும். ஆனி, ஆடி மூடுபனியில் பூப்பது நின்று, ஆவணிக்குப் பிறகு திரும்பவும் கொஞ்சம் பூத்தது. உரம் பங்குனியில் தொடங்கி மழைக்கு முன் நிறுத்துகிறார்கள். பொட்டாசு கூடியது நல்லது, பொசுபரசு கூடியதைச் செவ்வரத்தை விரும்பாது. மலைநாட்டு மண் புளிப்புக் கூடியது என்பதால் ஒரு கைப்பிடி அடுப்புச் சாம்பலும் உதவும். வெண்மூட்டுப்பூச்சி வந்தால் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துவிடுவது போதும்.

எக்சோராவின் கதை வேறு, அதைச் சொல்லத்தான் வேண்டும். கல்லடியில் என்னிடம் எக்சோரா வாங்குகிறவர்களின் பெரிய முறைப்பாடு இலை மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது என்பது. கடற்கரை மணலில் சிப்பித் தூள் கலந்திருப்பதால் மண் காரமாகிறது. காரமான மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்குக் கிடைக்காது. எக்சோராவுக்குப் புளிப்பு மண்தான் வேண்டும். நுவரெலியா மண் அதற்கு அளவெடுத்துச் செய்தது. அங்கே சாடி மண்ணை மாற்றிய பிறகு இலைகள் கடும்பச்சையாகின என்று தங்கச்சி சந்தோசப்பட்டாள். ஆனால் மண் கொடுத்ததைக் குளிர் பறித்துக்கொண்டது. தெற்குச் சுவரோரம் வைத்தும், பிறகு கண்ணாடி யன்னலுக்கு உள்ளே வைத்தும், உயிர் தப்பியதே தவிர ஒரு மொட்டுக்கூட வரவில்லை. அந்தச் சாடியை வெசாக் லீவுக்கு வரும் வழியில் பதுளையில் இருக்கும் மச்சாள் வீட்டில் இறக்கிவிட்டார்கள். பதுளை 680 மீற்றர் உயரம்தான். நான் முன்னே போட்ட கணக்கின்படி சராசரி 23, 24 பாகை வரும். மண்ணும் புளிப்பு. அங்கே அது கொத்துக் கொத்தாகப் பூக்கிறது. கல்லடியில் என்னிடம் நிற்கும் தாய்மரத்தைவிட நல்ல இலை. எக்சோராவுக்குப் பதுளை உயரம்தான் பொருத்தம் என்று இப்போது கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். நுவரெலியாவில் அதோடு மல்லுக்கட்டுவது வீண்.

தேமாவில் ஆபத்து வேறு மாதிரி. அது இலை உதிர்த்தது நோயே இல்லை. குளிரும் வறட்சியும் வந்தால் இலையைக் கொட்டிவிட்டு உறங்குவது அதன் வழக்கம். இலை இல்லாத தேமாவுக்குத் தண்ணீர் தேவையே இல்லை, ஏனென்றால் ஆவியாக்க இலை இல்லை. ஆனால் ஒவ்வொரு காலையும் கோப்பைத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. நுனியைப் பெருவிரலால் அழுத்தச் சொன்னேன். அமுங்கியது. வெட்டிப் பார்த்தால் வெள்ளையாக இருக்க வேண்டிய நடுத்தண்டு கபிலமாகி, பால் வடியவில்லை. நுனியில் இருந்து கீழே கீழே வெட்டிக்கொண்டு போய், வெள்ளைத் தண்டும் பாலும் தெரிந்த இடத்தில் நிறுத்தினார்கள். அந்தத் தண்டின் கீழ்ப்பக்கமும் அழுகியிருந்ததால் நடுத்துண்டு ஒன்றுதான் மிஞ்சியது. அதை வீட்டுக்குள் நிழலில், வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும்வரை இரண்டு கிழமை போல் சும்மா வைத்து, பிறகு வெறும் ஆற்று மணலில் நட்டு, தண்ணீர் காட்டாமல் யன்னலோரம் வைத்தார்கள். பங்குனியில் நுனி பச்சையானது. இப்போது மார்கழியில் இலை உதிர்ந்ததும் சாடியை எடுத்துச் சாமியறை மூலையில் வைத்துவிடுகிறார்கள். மாசி முடியும்வரை அதற்கு ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. இன்னும் பூக்கவில்லை. துண்டில் இருந்து வந்த தேமா பூக்க எங்கள் ஊரிலேயே காலம் எடுக்கும்.

மல்லிகையைப் பற்றி மாமிக்கு இன்னும் மனவருத்தம். அடுக்கு மல்லிகை அங்கே சாகவில்லை. இரவு தொடர்ந்து 15 பாகைக்குக் கீழே இருந்தால் அது மொட்டு வைப்பது மிகக் குறைவு, நுவரெலியாவில் ஆண்டு முழுக்க இரவுகள் அப்படித்தான். யன்னலுக்குள் வைத்து ஒரு சித்திரையில் சில பூக்கள் கிடைத்தன, வாசமும் வந்தது, மாலை கட்ட அல்ல.

போகன்விலா தண்ணீரைக் குறைத்ததும் தானாகத் தேறியது. வெயில் மாதங்களில் பூக்கிறது, மழையில் இலையாக வளர்கிறது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

மலையில் பிறந்த வெப்பமண்டலப் பூக்கள்

வெப்பமண்டலப் பூ என்றால் சூட்டை விரும்பும் பூ என்று நாங்கள் எல்லாரும் நினைக்கிறோம். வெப்பமண்டலத்தில் மலைகளும் இருக்கின்றன. ஹோர்ட்டன் சமவெளியில் சிவப்பாகப் பூக்கும் ரோடோடென்ட்ரன் இந்த மண்ணுக்குச் சொந்தமானது. அதைக் கல்லடிக்குக் கொண்டுவந்தால் ஒரு கச்சானைத் தாங்காது. தென்னமெரிக்காவின் மலைக்காடுகளில் இருந்து வந்த பியூசியா, பிரேசிலின் ஊதாப் பூத் திபூசினா எல்லாம் நுவரெலியாவின் 16 பாகையில் ஆண்டின் பெரும்பகுதி பூக்கும். குயினைன் மருந்து தரும் சின்கோனாவை வளர்ப்பதற்காக 1861இல் நுவரெலியாவுக்குப் பக்கத்தில் தொடங்கிய ஹக்கல பூங்காவும் இதே அறிவில்தான் நின்றது: சின்கோனா அந்தீஸ் மலையின் மரம், அதற்கு வெப்பமண்டலத்தின் பகலளவும் மலையின் குளிரும் சேர்ந்து வேண்டும். கொழும்பில் அது கிடைக்காது.

அதனால் மல்லிகைக்குப் பதில் வேறொரு மல்லிகையைச் சொன்னேன். சீனாவின் யுன்னான் பக்கத்து இளஞ்சிவப்பு மொட்டு மல்லிகை, பொலியாந்தம் என்று நேசறிகளில் கேட்கலாம். அதற்கு மொட்டு வைக்கவே குளிர் இரவுகள் வேண்டும். கல்லடியில் நான் வைத்தால் கொடி மட்டும் ஓடும், நுவரெலியாவில் கொத்தாகப் பூக்கிறது. மாமி முதலில் முகத்தைச் சுளித்தார். எங்கட மல்லிகை வாசம் இதில இல்லை என்றார். இப்போது அம்மன் படத்துக்கு அதுதான் போகிறது.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருந்தேன். நுவரெலியாவில் கான்கரையெல்லாம் தலைகீழாகத் தொங்கும் பெரிய வெள்ளை ஊமத்தை அழகாகத்தான் இருக்கும், பின்னேரத்தில் வாசமும் வீசும். ஆனால் அதன் இலை, பூ, விதை எல்லாம் நஞ்சு. தங்கச்சிக்குச் சின்னப் பிள்ளை இருக்கிறது. அந்தச் செடியை வளவுக்குள் விட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், வேலிக்கரையில் நின்றதையும் பிடுங்கினார்கள்.

கொண்டுபோகிறவர்களுக்கு

இடமாற்றத்தைத் தள்ளிவைக்க முடியாது, கன்றைத் தள்ளிவைக்கலாம். தை மாதம் ஆட்கள் போகட்டும். கன்றுகளை இங்கேயே உறவினர் வீட்டில் விட்டு, பங்குனி கடைசியில் ஏற்றுங்கள். ஏற்றுவதற்கு முன் ஒரு கிழமை தண்ணீரைக் குறைத்து, தும்புச்சோற்று மண்ணைத் தட்டிவிட்டு, மணல் கூடிய கலவையில் மாற்றிவிடுங்கள். முடியுமானால் பதுளையிலோ பண்டாரவளையிலோ சொந்தக்காரர் வீட்டில் சில கிழமை இறக்கிவைத்து மேலே கொண்டுபோங்கள். ஒரே இனத்தில் பெரிய பூவுள்ள கலப்பினத்தையும் வேலியோரத்துப் பழைய இனத்தையும் கண்டால், பழையதை எடுங்கள்.

லண்டன், டொரொன்டோவில் இருப்பவர்களும் இதே வேரைத்தான் காக்க வேண்டும். புரட்டாதியில் வெளியே இரவு 12 பாகைக்கு இறங்கத் தொடங்கியதும் சாடியை உள்ளே எடுத்து, மிக வெளிச்சமான யன்னலில் வைத்து, மண் பாதி ஆழம் காயும்வரை தண்ணீரைத் தொடாதீர்கள். அங்கே குளிர்காலத்தில் செவ்வரத்தை இலை உதிர்த்தால் பயந்து உரம் போட வேண்டாம். தண்டை நகத்தால் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது.

மாமி இப்போது கனகாம்பரம் கேட்கிறார். அனுப்பவில்லை. அதுவும் எக்சோராவைப் போலச் சூடு கேட்கும் செடி, அந்த வீட்டில் அது பூக்கப்போவதில்லை. அதற்குப் பதில் வேலியோரத்துச் சிவப்புச் செவ்வரத்தையில் இன்னும் நான்கு தடி வெட்டி மணலில் வேர்விட வைத்திருக்கிறேன். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு அவர்கள் ஊருக்கு வரும்போது கையோடு கொண்டுபோகலாம். அதற்குள் வேர் பிடித்துவிடும், மேலே மழைக்காலம் என்பதால் முதலில் கிழக்குப் பக்கத்தில் வைத்து நிலைக்க விட வேண்டும்.